திரும்பும் எரிபொருள்: அண்ணாச்சி பொறுப்பு

சீட்டு நாளன்று மண்டபத்துக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியும் ஓர் உளுந்த வடையும் கொடுப்பார்கள். பதினெட்டு வருஷமாக அதே சுக்குக் காப்பி, அதே ஆறிப்போன வடை. வாங்கிக்கொண்டு அவரவர் இடத்தில் போய் உட்கார வேண்டும். இடது பக்கம், இன்னும் சீட்டு எடுக்காதவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள். வலது பக்கம், எடுத்து முடித்தவர்களுக்கு நீளமான மரப் பெஞ்சுகள். ‘எடுத்தவர் பெஞ்சு’ என்று பெயர். அதில் உட்கார்ந்தவர் ஏலம் முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. நான் நான்கு வருஷமாக அந்தப் பெஞ்சில் இருக்கிறேன். இந்த டெய்சிராணிக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு திரை. பூமிக்கு மேலே ஐந்நூறு கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டிருக்கும் எங்கள் சுற்றுத்தொட்டி அதில் நேரடியாகத் தெரியும். வெள்ளை உருளை, இரண்டு பக்கமும் சூரியத் தகடுகள், கீழே அளவுமானி. இன்று எண்பது டன் காட்டியது. மண்டபத்தில் எல்லோரும் அதை எண்ணெய் என்றுதான் சொல்வோம். உண்மையில் அது குளிரக் குளிரத் திரவமாக்கிய மீத்தேனும் ஆக்சிஜனும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடல் ஊருக்குள் வந்த வருஷங்களில் அரசாங்கங்களுக்குச் சுவர் எழுப்பவே கை போதவில்லை, விண்வெளியை யார் பார்த்தார்கள்? தூத்துக்குடிக்குத் தெற்கே புதுத்துறை ஏவுதளம் துருப்பிடித்துக் கிடந்தது. கல்லூரிகள், மீனவர் கூட்டுறவுகள், விவசாயக் குழுக்கள், இரண்டு மூன்று கம்பெனிகள் என்று இருபது பேர் சேர்ந்து அதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தனியாக ஒரு பெரிய பயணத்துக்கு எண்ணெய் மேலே ஏற்ற யாருக்கும் சத்து இல்லை. அப்போது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி சீட்டுப் பிடிப்பது. அதையே செய்தார்கள்.

இருபது குழு, இருபது வருஷம். ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு நான்கு டன் எண்ணெயைத் தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஏலம். யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறாரோ தொட்டி அவருக்கு. ‘எனக்கு எண்பது வேண்டாம், எழுபது போதும், மிச்சம் பத்தை நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் பதினைந்து தள்ளுவார். தள்ளியதை இருபது குழுவும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு குழு ஒரே ஒரு முறைதான் எடுக்கலாம். எடுத்த பிறகு கடைசி வருஷம்வரை பேசாமல் நான்கு டன் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு குழுகூட அனுப்பத் தவறவில்லை. போகிற இடமெல்லாம் இதைப் பெருமையடித்துக்கொண்டவள் நான்தான்.

இப்போது அதைச் சொன்னால் எனக்கே எரிச்சல் வருகிறது.

நான் தலைவியாக இருக்கும் முத்துக்கரைக் கூட்டுறவு பதினான்காவது வருஷம் சீட்டு எடுத்தது. செவ்வாயின் துணைக்கோள் போபோஸுக்கு மூன்று பேரை அனுப்புவது எங்கள் திட்டம். போக அறுபது டன், வர அறுபது டன். தொட்டியே எண்பதுதான். செவ்வாய்க்குப் போகிற வாசல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். அந்த வருஷத்தை விட்டால் கலம் கொட்டகையிலேயே பழசாகிப்போகும். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இதே மண்டபத்து வாசலில் வேலாயுதம் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாமிரபரணிக் கல்லூரிகள் கூட்டமைப்பின் தலைவர். எழுபது வயசு, வெள்ளைச் சட்டை, எப்போதும் ஒரு சிரிப்பு.

“என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க? போறதுக்கு உங்க சீட்டு. வாறதுக்கு எங்க சீட்டு. போதுமா?” என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் நான் எழுந்து உள்ளே போய் இருபது தள்ளி ஏலம் எடுத்தேன்.

பயணத் திட்டத்தாளில் ஏழாவது கட்டம் ‘திரும்பும் எரிபொருள்’. எத்தனை டன், எங்கிருந்து வரும் என்று அதில் எழுத வேண்டும். நான் ‘அண்ணாச்சி பொறுப்பு’ என்று எழுதினேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே எழுதினேன். பன்னிரண்டு பேர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பாதைக் கணக்கு போடுகிறவன் தசம ஸ்தானம் ஒன்பதுவரை சரிபார்ப்பான். உயிர்க்காப்புப் பொறியாளர் ஒரு ரப்பர் வளையத்துக்கு மூன்று மாதம் சண்டை போட்டவர். அவர்களில் ஒருவர்கூட ஏழாவது கட்டத்தைப் பார்த்து வாய் திறக்கவில்லை. சீட்டில் முறை மாற்றிக்கொள்வது எப்போதும் வாய்வார்த்தைதான். எழுதிக் கேட்டால் அந்த மனுஷன் முகத்தில் காறித் துப்பியதாக அர்த்தம். அதற்கப்புறம் எந்த வீட்டு விசேஷத்திலும் அவர் முகத்தில் முழிக்க முடியாது.

என் தங்கச்சி ஜாஸ்பின் மட்டும் சிரித்தாள். “அக்கா, அண்ணாச்சி எத்தன டன் இருப்பாரு?” என்று கேட்டாள். அவள் கல்லாராய்ச்சிக்காரி. போகிற மூன்று பேரில் ஒருத்தி. கேட்டுவிட்டு அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அவளும், மாடசாமி என்ற பொறியாளரும், சாக்கோ டாக்டரும் போனார்கள். போய்ச் சேர்ந்தார்கள். வேலை செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வாசல் திறந்தபோது அண்ணாச்சி, “இந்தத் தடவ எங்களுக்குள்ள கொஞ்சம் இழுபறி, அடுத்த வாசலுக்குக் கட்டாயம்” என்றார். நான் தலையாட்டினேன். சாப்பாடு இருந்தது, காற்று இருந்தது, ஜாஸ்பினும் “பரவால்லக்கா, இன்னும் கொஞ்சம் தோண்டிக்கிடுதேன்” என்றாள். இந்த வாசல் ஐந்து வாரத்தில் திறக்கிறது. அங்கே இருப்பது பதினான்கு மாதச் சாப்பாடு. ஐந்து வாரத்தில் இங்கிருந்து எண்ணெயும் சாப்பாடும் ஏற்றிய தொட்டிக்கலம் கிளம்பினால் எட்டு மாதத்தில் போய்ச் சேரும். கிளம்பாவிட்டால் அடுத்த வாசலுக்குள் மூன்று பேரும் பட்டினியில் செத்துப்போவார்கள்.

காலையில் மண்டபத்துக்குக் கிளம்பும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. அவள் குரல் இங்கே வர பதினோரு நிமிஷம் ஆகும். “ஏக்கா, இன்னைக்கு சீட்டு நாள்லா? அண்ணாச்சிட்ட சொல்லு, நான் வரும்போது அவருக்கு அருமையான கல்லு ஒண்ணு கொண்டாறேன், வீட்டுல கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆவும். மாடசாமி உளுந்தங்கஞ்சி கேக்கான். நீ அங்க போயி யாரையும் கடிச்சி வைக்காத.” அவ்வளவுதான் செய்தி. பயந்த மாதிரியே இல்லை. ஏன் பயப்பட வேண்டும், அண்ணாச்சி பொறுப்புதானே.

மண்டபத்தில் அண்ணாச்சியைக் காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“அண்ணாச்சி, இன்னைக்குக் கேட்டுருவியல்லா?”

“என்ன டெய்சி, உடம்பு நல்லாருக்கா? மாப்பிள்ள வரலியா?”

“அண்ணாச்சி, நான் கேட்டது…”

“பாப்பமே. மொதல்ல வடையத் தின்னு.”

அவர் சிரித்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

எடுக்காத குழுக்கள் இன்னும் மூன்று. ஒன்று அண்ணாச்சியின் கல்லூரிகள். இன்னொன்று வளைய விடுதி. பணக்காரர்கள் பூமியைப் பார்த்துக்கொண்டே குளிப்பதற்குச் சுற்றுப்பாதையில் ஓட்டல் கட்டுகிற கம்பெனி. அவர்களுடைய ஆள் ஒருவர் காலர் வைக்காத சட்டையில் வந்திருந்தார். மூன்றாவது, கரிசல் மழைக்குழு. விளாத்திகுளம் பக்கத்து நாற்பது ஊர் விவசாயிகள். அவர்களுக்கு மேகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று மழைக்கண்களை உயரப் பாதைக்கு ஏற்ற வேண்டும். கனமான துணைக்கோள்கள், எண்பது டன்னும் முழுசாக வேண்டும், ஒரு சொட்டுத் தள்ள முடியாது. தள்ளாமல் எடுக்க வேண்டுமானால், போட்டிக்கு ஆளே இல்லாத கடைசி வருஷம்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் காத்திருந்தார்கள். அவர்களுடைய தலைவி சண்முகத்தாய் பதினெட்டு வருஷமாக பஸ்ஸில் வருவார், குடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், ஏலத்தில் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார்.

சீட்டுத் தலைவர் சாமுவேல்துரை மணியடித்தார். எல்லோரும் வடைத் தட்டைக் கீழே வைத்தார்கள்.

“கேக்கலாம்” என்றார்.

வளைய விடுதிக்காரர் எழுந்து, “முப்பது” என்றார்.

பெஞ்சில் ஒரு சலசலப்பு. முப்பது தள்ளினால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்றரை டன் சும்மா வரும். அடுத்த வருஷத் தவணைக்கு நான்குக்குப் பதில் இரண்டரை அனுப்பினால் போதும். பக்கத்தில் இருந்தவர்கள் மனசுக்குள் எதைக் கூட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கூட்டியிருக்கிறேன். பதினோராவது வருஷம் ஒரு மருந்தாராய்ச்சிக் குழு, கொஞ்சம் குறைவாகத் தள்ள விடுங்கள் என்று எல்லோரையும் கெஞ்சியது. நான் அன்றைக்கு வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது, ஒரு தரம்.”

அண்ணாச்சி கைப்பேசியைத் துடைத்தார்.

“முப்பது, ரெண்டு தரம்.”

“அண்ணாச்சி! கேளுங்க! வாயில என்ன கொழுக்கட்டையா?”

மண்டபமே திரும்பியது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

“டெய்சி, உக்காரு. பெஞ்சுக்காரங்க பேசக் கூடாது” என்றார் சாமுவேல்துரை.

“மூணு பேரு அங்க பதினாலு மாசச் சோத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்குப் பெஞ்சுச் சட்டம் சொல்லுதியளா? ஏலம் ஒரு நிமிசம் நிக்கட்டும். அண்ணாச்சி எனக்குப் பதில் சொல்லட்டும்.”

அண்ணாச்சி மெல்ல எழுந்தார். தொண்டையைச் செருமினார். கல்லூரியில் பரிசளிப்பு விழாவுக்குப் பேசுகிற அதே குரலில் பேசினார்.

“எங்க செயற்குழு கூடி முடிவெடுத்திருக்கு. வளைய விடுதிக்காரங்க எங்க தொலைநோக்கிக்கு அவங்க வளையத்துலயே இடம் தாறாங்க. சும்மாவே தாறாங்க. நாங்க இந்த வருசம் கேக்காம இருந்தாப் போதும். பிள்ளைகளோட படிப்பு விசயம். நான் தனி ஆளா என்னம்மா செய்ய முடியும்? அடுத்த வருசம் வேணா…”

“அடுத்த வருசம் வாசல் ஏது? நீங்க பேராசிரியர்தான? ஒங்களுக்கு நான் செவ்வாய் எப்ப சுத்துதுன்னு பாடம் எடுக்கணுமா?”

“மரியாதையாப் பேசு டெய்சி.”

“மரியாதையா? போறதுக்கு ஒங்க சீட்டு, வாறதுக்கு எங்க சீட்டுன்னு சொன்னது யாரு? இந்த வாசல்ல உக்காந்து சொன்னியளா இல்லியா?”

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எழுதிக் குடுத்தனா?”

அந்த மண்டபத்தில் பதினெட்டு வருஷத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டவர் வாயை யாராவது உடைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பெஞ்சில் பதினாறு பேர் என்னோடு இருந்தார்கள். எல்லோரும் எனக்குச் சொந்தம் மாதிரி பழகியவர்கள். ஜாஸ்பின் கிளம்பிய அன்றைக்கு மாலை போட்டவர்கள். ஒருவர் இருமினார். ஒருவர் செருப்பைச் சரிசெய்தார். சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே மனுஷன் எப்படிக் கல்லாகிறான் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

“ஏலத்த முடிப்போம்” என்றார் சாமுவேல்துரை. அவர் என்னைப் பார்க்கவில்லை. “முப்பது, மூணு…”

“நாப்பது.”

யார் சொன்னது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சண்முகத்தாய் குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அறுபது வயசிருக்கும், ஒல்லியான தேகம், கழுத்தில் மழைக்குழுவின் அடையாள அட்டை.

“நாப்பது தள்ளுதேன்” என்றார். “பாதிதான ஒசத்தி? அதுக்கு மேல ஒருத்தரும் தள்ள முடியாதுல்ல? மொதல்ல சொன்னவுகளுக்குத்தான?”

சீட்டு விதியில் பாதிக்கு மேல் தள்ள முடியாது. பாதியை முதலில் சொன்னவருக்குத் தொட்டி. விடுதிக்காரர் சட்டென்று எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.

“சண்முகத்தாய், யோசிச்சுச் சொல்லுதீங்களா?” என்று சாமுவேல்துரை கேட்டார். “ஒங்களுக்கு எண்பதும் வேணுமே. நாப்பத வச்சு ஒரு மழைக்கண்ணக்கூட ஏத்த முடியாது. எடுத்துட்டா இந்தச் சீட்டுல ஒங்களுக்கு இனி ஒண்ணும் கெடையாது.”

“எனக்கு அது தெரியாதாக்கும்?” அந்த அம்மா குரல் நடுங்கியது. அழுகை இல்லை, அத்தனையும் ஆத்திரம். “ஆள அனுப்பிட்டு எண்ணெய்க்கு ஏலம் போடுதீக. பச்சத் தண்ணி குடிக்கிற எவனாச்சும் இதச் செய்வானா? நாங்க பதினெட்டு வருசமா மழைக்குக் காத்துக் கெடக்கோம். எங்களுக்குக் காத்திருந்து பழக்கம், எப்படியும் கஞ்சி கெடச்சிரும். அங்க இருக்கதுகளுக்குக் காத்திருக்கச் சோறில்ல. தொட்டி எங்களுக்கு வந்தா, அத அந்த மூணு பேருக்குக் குடுக்கேன். எழுதிக்கிடுங்க.”

“நாப்பது, மூணு தரம்” என்றார் சாமுவேல்துரை, ஒரே மூச்சில், வேறு யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்கிற மாதிரி.

நாற்பது டன் கிடைத்தது. அறுபது வேண்டும். மிச்சம் இருபதும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. தள்ளிய நாற்பதை இருபதாகப் பிரித்தால் குழுவுக்கு இரண்டு டன். பத்துக் குழு தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால் சரியாக இருபது. சண்முகத்தாய் தன் பங்கு இரண்டையும் அப்போதே விட்டார். எங்கள் இரண்டு. இன்னும் எட்டுப் பேர்.

நான் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றேன். கெஞ்சவில்லை. கெஞ்சுகிற நிலையில் இல்லை நான்.

“நேத்துவரைக்கும் ஒங்ககிட்ட இந்த ரெண்டு டன் இல்ல. அந்த அம்மா வயித்துல அடிச்சிக்கிட்டதால வந்தது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோறவங்க என் மூஞ்சியப் பாத்துட்டுப் போங்க” என்றேன்.

மீனவர் கூட்டுறவுக்காரர் முதலில் கையைத் தூக்கினார். பின்னால் இரண்டு பேர். அப்புறம் ஒருவர், “எங்க ஆட்களக் கேக்கணும்” என்றார். “கேட்டுத்தான் மாலை போட்டியளோ?” என்று கேட்டேன். அவரும் தூக்கினார். சிலர் என்னைப் பார்க்காமல் தூக்கினார்கள். மருந்தாராய்ச்சிக் குழுவின் ஆள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே தூக்கினார். அவர் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன், எனக்கு அது வேண்டியதுதான். எல்லாம் சேர்த்து ஒன்பது. அதற்கு மேல் ஒரு கையும் எழவில்லை. விடுதிக்காரர் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார். நான் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு டன். ஐம்பத்தெட்டு டன்னில் தொட்டிக்கலம் போய்ச் சேரும். அதை வைத்து அவர்கள் வீடு திரும்ப முடியாது.

அப்போது வேலாயுதம் அண்ணாச்சி எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

“நம்ம பிள்ளைக அங்க கஷ்டப்படும்போது நாம பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? கூட்டமைப்பு சார்பா எங்க ரெண்டு டன்னும் இந்தப் பயணத்துக்குத் தாறோம்” என்றார்.

மண்டபம் கைதட்டியது.

சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டினார்கள். பலத்த கைதட்டல். பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தார்கள். அறுபதைச் சொன்னவர், இரண்டைக் கொடுத்துவிட்டுக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். சாமுவேல்துரை என்னைப் பார்த்தார். நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். அந்த இரண்டு டன் இல்லாமல் என் தங்கச்சி வர மாட்டாள். ஆகவே நான் மேடைக்குப் போய், ஒலிபெருக்கியில், “அண்ணாச்சிக்கு நன்றி” என்று சொன்னேன். அந்த மூன்று வார்த்தைக்காக, சீ, இரண்டு வார்த்தைக்காக, நான் என் நாக்கை இன்னும் மன்னிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சண்முகத்தாயின் நாற்காலி காலியாக இருந்தது. அவருக்கு யாரும் கைதட்டவில்லை. கைதட்டுகிற நேரத்தில்தான் அவர் வெளியே போயிருக்கிறார்.

ஓடினேன். மண்டபத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம். உச்சி வெயில். அந்த அம்மா நிழற்குடைக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா” என்றேன். “ஒங்களுக்கு நான் என்ன சொல்லன்னு…”

“ஒண்ணும் சொல்லாத. ஒன் நன்றிய வச்சு நான் என்ன செய்ய?” அவர் பாட்டிலை மூடினார். “நாப்பது ஊருக்கு நான் இன்னைக்குப் போயிச் சொல்லணும். பதினெட்டு வருசமா வருசத்துக்கு நாலு டன்னு அனுப்ப ஒவ்வொரு வீட்டுலயும் எதெத விட்டுக்குடுத்தாகன்னு ஒனக்குத் தெரியுமா? போன வருசம் மழை பதினோரு நாள் பிந்திருச்சு. வெதச்சதெல்லாம் கருகிப்போச்சு. முன்னக்கூட்டித் தெரிஞ்சிருந்தா பதினோரு நாள் பொறுத்து வெதச்சிருப்போம். இன்னும் ரெண்டே வருசந்தான், மழைக்கண்ணு வந்துரும், வந்துரும்னு சொல்லித்தான் எல்லாரையும் கட்டி இழுத்துக்கிட்டு இருந்தேன். இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல?”

“அடுத்த சுத்துச் சீட்டுல எங்க முறை ஒங்களுக்குத்தான் அக்கா. முழு எண்பதும். கடைசி வருசம் வரைக்கும் தள்ளாம காத்திருந்து வாங்கித் தாறேன். நான் சொல்லுதேன்.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“எழுதிக் குடு.”

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது, பழக்கதோஷம். என்னைப் பார்த்து, முத்துக்கரை டெய்சிராணியைப் பார்த்து, எழுதிக் கேட்கிறாரா? ஒரு விநாடிதான். அதற்குப் பிறகு கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

“அந்த ஆளு உள்ள சொன்னத நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்” என்றார் அவர். “நாளைக்கு நீயும் செயற்குழு கூடி முடிவெடுப்ப. எழுது தாயி. பஸ் வந்துரும்.”

பையிலிருந்து மழைக்குழுவின் தீர்மான நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். பேனாவும் அவருடையதுதான். நான் எழுதினேன். எங்கள் கூட்டுறவின் மூவாயிரம் உறுப்பினரையும் கேட்காமல், இருபத்திரண்டு வருஷம் கழித்து வரப்போகிற எண்பது டன்னை எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கி விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

“ஒனக்கு என்ன வயசு?”

“ஐம்பத்தி ஆறு.”

“இருவத்திரெண்டு வருசம் கழிச்சு எழுவத்தெட்டு. நீ இருப்பியோ மாட்டியோ. ஒன் தங்கச்சிக்கு?”

“முப்பத்தஞ்சு.”

“அவ பேரையும் எழுது.”

“அக்கா, அவ அங்க இருக்கா. அவளுக்கு இன்னும் எண்ணெய் கெடச்ச விசயமே தெரியாது. நான் இன்னும் சொல்லவே இல்ல.”

“வந்துருவால்ல? எங்க எண்ணெயிலதான வாறா?” என்றார் சண்முகத்தாய். “எழுது.”

நோட்டை மறுபடியும் வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே ஜாஸ்பின் என்று எழுதினேன்.